செம்பரம்பாக்கம் ஏரியை நான்கு எண்களில் எழுதுவது எப்படி

இரண்டு மாதமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தேன். பைஸ்டாக்-கிளையன்ட் என்று ஒரு பைதான் கருவி இருக்கிறது. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களில் எந்த இடம், எந்தத் தேதி வேண்டும் என்று சொன்னால் தேடிக் கொடுக்கும். இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம், சாதாரண மடிக்கணினி போதும். அதற்குத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதினேன். எழுதும்போது கற்றுக்கொண்டது நிறைய, அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கட்டளை வரிகள் எல்லாம் வழிகாட்டியிலேயே இருக்கின்றன, அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை.

தமிழில் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார், கட்டளை ஆங்கிலத்தில்தானே அடிக்க வேண்டும் என்றார். அடிப்பது பிரச்சினையே இல்லை. நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட காலத்தில் பார்த்த கையேடுகளில் வந்த ஊர்கள் எதையும் எனக்குத் தெரியாது. கட்டளை ஓடும், நீலமாக ஒரு திட்டு வரும், அது சரியான ஏரியா, முழுசாக வந்திருக்கிறதா, பாதி மேகமா, எதுவும் சொல்ல முடியாது. படம் வந்தது, அவ்வளவுதான். செம்பரம்பாக்கம் என்றால் அப்படி இல்லை. அதன் கரை மேல் நின்றிருக்கிறேன், 19 கண் மதகைப் பார்த்திருக்கிறேன், 2019 கோடையில் தரை வெடித்துக் கிடந்ததும் நினைவிருக்கிறது. திரையில் தப்பான படம் வந்தால் எந்தக் கணக்கும் போடாமல் கண்ணே சொல்லிவிடும். செயற்கைக்கோள் படம் தேடும் கருவிக்கு ஆவணம் எழுதுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, வாசகர் நேரில் பார்த்த இடத்தை எடுத்துக்காட்டாக வைப்பதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் என் வழிகாட்டி முழுக்க ஒரே ஏரி, இரண்டே மாதங்கள்: சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டுபோன 2019 ஜூன், அப்புறம் 2021 பிப்ரவரி. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது இந்த ஏரி கிட்டத்தட்ட நிரம்பி மதகைத் திறந்தார்கள், 2015 வெள்ளத்துக்குப் பிறகு முதல் முறையாக. அதனால் பிப்ரவரியில் தண்ணீர் நன்றாகவே இருக்கும், வானமும் பெரும்பாலும் தெளிவு.

கருவி என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படங்கள் ஓரிடத்தில் குவிந்து கிடக்கின்றன, அவற்றுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. அந்தப் பதிவேட்டை எப்படி எழுத வேண்டும் என்பதற்கான பொது விதிதான் ஸ்டாக். அதன் 1.0 பதிப்பு 2021-இல் வந்தது. யார் படம் வைத்திருந்தாலும் பதிவேட்டை இதே விதிப்படி எழுதினால் ஒரே கருவியால் எல்லாவற்றிலும் தேடலாம். நான் பயன்படுத்துவது எலிமென்ட் 84 நிறுவனம் நடத்தும் எர்த் சர்ச் பதிவேடு. அதில் ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இருக்கின்றன. 2015-இல் முதல் செயற்கைக்கோள், 2017-இல் இரண்டாவது, இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தை ஐந்து நாளுக்கு ஒரு முறை எடுத்தன. ஒவ்வொரு படமும் பச்சை, அகச்சிவப்பு என்று ஒளி வகைக்கு ஒன்றாகப் பல பட்டைகளாக வரும். நல்ல பட்டைகளில் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். வழிகாட்டியில் இதை இரண்டரை சென்ட் என்று எழுதினேன். 100 சதுர மீட்டர் என்றால் யாருக்கும் மனதில் பதியாது, இரண்டரை சென்ட் என்றால் ஒரு சின்ன மனை கண் முன்னே வந்துவிடும். ஒரு ஏக்கருக்குச் சுமார் 40 பிக்சல்.

சரி, நான்கு எண்களுக்கு வருகிறேன்.

தேடும் இடத்தை ஒரு கட்டமாகச் சொல்ல வேண்டும், கட்டத்தை நான்கு எண்களாக. செம்பரம்பாக்கத்துக்கு நான் வைத்த கட்டம் மேற்கே 80.00, தெற்கே 12.96, கிழக்கே 80.09, வடக்கே 13.06. முதல் வரைவில் இதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். என் சித்தி பெண் புவியியல் முதுகலை படிக்கிறாள், வரைவை அவளிடம் அனுப்பி, யாரையும் கேட்காமல் செய்து பார் என்றேன். மறுநாள் ராத்திரி போன் வந்தது.

"அக்கா, ஜூன் மாசம் எல்லாப் படமும் ஒரே மேகம். பிப்ரவரிக்கு ஒண்ணுமே வரல, ஜீரோன்னு காட்டுது."

சென்னையில் ஜூன் மாதம் மேகம் வருவது உண்டு, ஆனால் எல்லாப் படத்திலும் வராது. பிப்ரவரியில் ஒரு படம்கூட இல்லை என்றால் நடக்கவே நடக்காது. ஜூனில் எத்தனை படம் வந்தது என்று கேட்டேன். எழுபது எண்பது இருக்கும் என்றாள். அங்கேதான் எனக்கு உறைத்தது. ஐந்து நாளுக்கு ஒரு முறை என்றால் மாதத்துக்கு ஆறு தேதிதான், எழுபது எங்கிருந்து வரும்?

அவள் என் எண்களை அப்படியே எடுத்துப் போடவில்லை. போனில் வரைபடத்தைத் திறந்து ஏரியின் இரண்டு மூலைகளைத் தானே தொட்டு எண்களை எடுத்திருக்கிறாள், அப்படிச் செய்வதைத்தான் நானும் விரும்புவேன். போன் வரைபடம் அட்சத்தை முதலில் காட்டும், தீர்க்கத்தை அடுத்து. 12.96, 80.00, 13.06, 80.09 என்று கொடுத்திருக்கிறாள். கருவிக்கோ தீர்க்கம்தான் முதலில் வர வேண்டும். ஆக அவள் தேடியது கிழக்குத் தீர்க்கம் 13, வடக்கு அட்சம் 80. உலக வரைபடத்தில் போய்ப் பார்த்தோம், நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம், அதற்கும் வடக்கே ஆர்க்டிக் கடல். அவள் மேகம் என்று நினைத்தது கடல் பனி, அதன் மேல் மேகமும் சேர்ந்து வெள்ளையும் சாம்பலுமாகக் கிடந்தது. துருவத்துக்கு நெருக்கத்தில் செயற்கைக்கோளின் பாதைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுவதால் அந்த இடத்தை ஒரே நாளில் பல முறை பார்த்துவிடுகிறது, அதனால்தான் எழுபது எண்பது. பிப்ரவரியில் அங்கே பெரும்பாலும் துருவ இரவு, வெளிச்சம் இல்லாமல் சென்டினல்-2 படம் எடுக்காது, அதனால்தான் ஜீரோ. ஒவ்வொரு விடையும் சரியான விடைதான், இடம்தான் வேறு. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை, ஏனென்றால் நான்கு எண்களும் உலகத்தில் உண்மையாகவே இருக்கிற ஒரு கட்டத்தைத்தான் குறிக்கின்றன.

இது அவள் தவறு இல்லை. பள்ளியில் பத்தாம் வகுப்பில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தது 8°4' வட அட்சம் முதல் 13°35' வட அட்சம் வரை, 76°18' கிழக்குத் தீர்க்கம் முதல் 80°20' கிழக்குத் தீர்க்கம் வரை என்றுதானே? அட்சம் முதலில் என்பது நமக்கு நாக்கிலேயே ஊறியிருக்கிறது. இடங்களைக் கணினிக் கோப்பில் குறிக்கும் ஜியோஜேசான் முதலான வடிவங்கள் கணித வழக்கப்படி கிடைமட்டத்தை முதலில் வைக்கின்றன, அதனால் தீர்க்கம் முன்னே வந்துவிடுகிறது. இரண்டு வழக்குக்கும் காரணம் இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்கிறவருக்குச் சொல்லித் தருவதுதான் ஆவணம் எழுதுகிறவரின் வேலை. இப்போது அந்த இடத்தில் ஒரு முழுப் பத்தி இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரியை அப்படியே எழுதி, அதன் கீழே இப்படிச் சேர்த்திருக்கிறேன்: தமிழ்நாட்டுக்குள் தேடுகிறீர்கள் என்றால் முதல் எண் 76-க்கும் 81-க்கும் நடுவில் இருக்க வேண்டும், இரண்டாவது எண் 8-க்கும் 14-க்கும் நடுவில். முதல் எண் சின்னதாக இருந்தால் நீங்கள் ஆர்க்டிக்கில் இருக்கிறீர்கள். அதோடு, படங்களைத் திறப்பதற்கு முன்னால் எத்தனை வந்திருக்கின்றன என்று பார்க்கச் சொல்லும் கட்டளையையும் முதல் படியாகவே மாற்றி வைத்தேன். எண்ணிக்கையைப் பார்த்தாலே பாதிப் பிழை பிடிபடும்.

எண்ணிக்கை பற்றி இன்னொன்று, இது நானே ஒரு வாரம் குழம்பிய விஷயம். சென்டினல்-2 படங்களைப் பூமி முழுவதும் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் சதுரங்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள், பக்கத்துச் சதுரங்கள் ஓரத்தில் சுமார் 10 கிலோமீட்டர் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். சென்னை நகரம் 44பிஎம்வி என்ற சதுரத்தில் வருகிறது. செம்பரம்பாக்கமோ அதற்கு மேற்கே 44பிஎல்வி சதுரத்தில். எல்லைக்கோடு ஏரியை ஒட்டியே போகிறது, நான் போட்ட கட்டத்தின் கிழக்கு ஓரம் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறது, அதனால் ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு படம் வரும். ஒன்றில் ஏரி முழுசாக இருக்கும், மற்றதில் ஏரியின் பெரும்பகுதி இல்லை. பட்டியலில் முதலில் வந்ததை எடுத்து மாதாமாதம் நீர்ப்பரப்பைக் கணக்குப் போட்டால், எது முதலில் வந்தது என்பதைப் பொறுத்து ஏரி ஒரு மாதம் நிரம்பும், அடுத்த மாதம் காணாமல் போகும், அடுத்த மாதம் திரும்ப நிரம்பும். கட்டத்தைச் சுருக்கினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும், சுருக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இப்படி ஒன்று நடக்கும் என்று வாசகர் தெரிந்துகொள்ள இந்த ஏரிதான் சரியான இடம் என்று முடிவு செய்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கியிருக்கிறேன்.

மேகம். தேடும்போதே மேகமூட்டம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற படங்கள் மட்டும் போதும் என்று சொல்லலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சதவீதம் 110 கிலோமீட்டர் சதுரம் முழுமைக்கும் போட்ட கணக்கு, நம் ஏரிக்கு அல்ல. வேலூர் பக்கம் முழுக்க மேகமாக இருந்து ஏரிக்கு மேலே வானம் பளிச்சென்று இருந்தால் அந்தப் படம் தேடலிலேயே விழுந்துவிடும். ஐந்தே சதவீதம் மேகம், அது மொத்தமும் ஏரிக்கு மேலே நின்றால் படம் உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு படத்துடனும் காட்சி வகைப்பாடு என்று ஒரு தனிப் பட்டை வருகிறது, பிக்சல் பிக்சலாக இது தண்ணீர், இது செடி, இது மேகம், இது மேகத்தின் நிழல் என்று எண் போட்டு வைத்திருக்கும். 6 என்றால் தண்ணீர், 3 நிழல், 8-உம் 9-உம் மேகம், 10 மெல்லிய மேகம். சதவீதத்தைத் தளர்த்தி நிறைய படங்களை வாங்கிக்கொண்டு, ஏரிக்குள் விழும் பிக்சல்களில் மட்டும் இந்த எண்களை எண்ணிப் பார்ப்பதுதான் நான் எழுதியிருக்கும் வழி. நிழல்தான் மோசமானது. இருட்டாக இருப்பதால் கண்ணுக்கும் கணக்குக்கும் தண்ணீர் போலவே தெரியும்.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது படத்தை எடுக்கும் விதம். முழுச் சதுரத்தில் 10 மீட்டர் பட்டை ஒன்றுக்குப் பக்கத்துக்கு 10,980 பிக்சல், சுருக்காமல் வைத்தால் சுமார் 240 எம்பி. மூன்று பட்டை எடுத்தால் முக்கால் ஜிபி ஆகிவிடும், போன் இணைப்பில் ஒரு நாள் டேட்டா அதோடு சரி. ஆனால் கோப்பை உள்ளுக்குள்ளே சின்னச் சின்ன சதுரங்களாக அடுக்கி, எந்தச் சதுரம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் முதலில் அட்டவணையை மட்டும் படித்துவிட்டு, ஏரி இருக்கிற துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கலாம். நம் கட்டத்துக்குச் சுருக்காத கணக்கில் பட்டை ஒன்றுக்கு இரண்டு எம்பி சொச்சம்தான். படம் அமெரிக்காவில் ஒரிகனில் உள்ள சர்வரில் கிடக்கிறது, நான் இங்கே உட்கார்ந்து ஒரு ஏரியை மட்டும் கிள்ளி எடுக்கிறேன். 2008-க்கு முன்னால் அமெரிக்காவின் லேண்ட்சாட்-7 செயற்கைக்கோள் படம் ஒன்றுக்கு 600 டாலர் அளவில் விலை இருந்தது. அந்த ஆண்டு அமெரிக்க அரசு லேண்ட்சாட் களஞ்சியத்தை இலவசமாகத் திறந்துவிட்டது. கைக்காசில் ஏரி பார்க்க நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் கதவைத் திறந்தது என்று சொல்வேன். வழிகாட்டியில் இதற்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்டேன், எடிட் செய்த நண்பர் வெட்டச் சொன்னார், வெட்டவில்லை.

தண்ணீரைக் கண்டுபிடிக்கும் கணக்கு எளிது. தண்ணீர் பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும், அகச்சிவப்பை விழுங்கிவிடும். பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் தண்ணீருக்குப் பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்கு மேலே வரும், செடிக்கும் காய்ந்த தரைக்கும் கீழே போகும். 1996 முதல் புழக்கத்தில் இருக்கும் வாய்பாடு, என்டிடபிள்யூஐ என்பார்கள். 2019 ஜூன் படத்தில் ஏரியின் பெரும்பகுதி வெளிறிப்போய்க் கிடக்கிறது, 2021 பிப்ரவரியில் அதே உருவம் கரும் நீலமாக நிறைந்து நிற்கிறது. சித்தி பெண் எண்களைச் சரிசெய்து இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், அந்த வருஷம் நாங்க லாரித் தண்ணிக்கு ராத்திரி ஒரு மணிக்கு நின்னோமே அக்கா என்றாள்.

இதே கணக்கை இன்றைய படத்தோடு ஒப்பிடும்போது ஒரு குழி இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு பிக்சலின் எண்ணோடும் 1000 சேர்த்து எழுதுகிறார்கள். மிக இருட்டான பிக்சல்கள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய் வெட்டுப்படாமல் இருப்பதற்காகச் செய்த மாற்றம், நல்ல மாற்றம்தான். ஆனால் தெரியாமல் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பழைய படத்தில் ஏரித் தண்ணீரின் பச்சை 600, அகச்சிவப்பு 200 என்று வைத்துக்கொள்ளுங்கள், விடை 0.5. அதே தண்ணீர் புதிய படத்தில் 1600, 1200. கழித்தால் அதே 400, வகுப்பது 2800 ஆகிவிட்டது, விடை 0.14. தண்ணீர் அப்படியே இருக்கிறது, கணக்கில் ஏரி வற்றிக்கொண்டு வருகிறது! பதிவேட்டில் ஒவ்வொரு படத்தின் விவரத்திலும், அந்த 1000 ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டதா என்று சொல்லும் ஒரு புலம் இருக்கிறது. கழித்திருந்தால் நாம் மறுபடி கழிக்கக் கூடாது, கழிக்கவில்லை என்றால் கழித்தே ஆக வேண்டும். வழிகாட்டியில் தடித்த எழுத்தில் நான் எழுதியிருக்கும் ஒரே வரி இதுதான்.

எழுத எழுத எனக்குத் தெளிவானது, கருவியை நிறுவுவது, கட்டளை கொடுப்பது எல்லாம் ஆவணத்தின் சின்னப் பகுதி என்பதுதான். பிழை என்றே சொல்லாமல் தப்பான விடை வரும் இடங்கள் எத்தனை இருக்கின்றன, அவற்றை வாசகர் எந்த அடையாளத்தை வைத்துப் பிடிக்க முடியும், அங்கேதான் பக்கங்களைச் செலவிட வேண்டும். அதோடு ஒவ்வொரு பகுதியின் தலையிலும், கடைசியாக எந்தத் தேதியில் ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதிவிடுகிறேன். சென்டினல் படங்களை எடுக்கப் பல வருடம் எல்லோரும் பயன்படுத்திய பழைய சர்வர் 2023 அக்டோபரோடு மூடப்பட்டு, வேறு இடத்துக்கு எல்லாம் மாறிவிட்டது. பழைய சர்வரை வைத்து எழுதிய பாடங்கள் இன்றும் தேடினால் முதலில் வருகின்றன, புதிதாக வருகிறவர் அதில் உட்கார்ந்து இரண்டு நாள் போராடிவிட்டு நமக்கு இதெல்லாம் வராது என்று எழுந்து போய்விடுகிறார். தேதி ஒன்று இருந்திருந்தால் போராட வேண்டியதே இல்லை.

சொற்களுக்கு நான் பெரிதாக மெனக்கெடவில்லை. பேண்டுக்குப் பட்டை, கேட்டலாகுக்குப் பதிவேடு, டைலுக்குச் சதுரம். பிக்சல் பிக்சலாகவே இருக்கிறது, எல்லோர் வாயிலும் அதுதான் வருகிறது. ஏரி சம்பந்தமான சொற்களுக்கு மட்டும் தேட வேண்டியதே இல்லை: கரை, மதகு, கலங்கல், நீர்ப்பிடிப்பு எல்லாம் தயாராகக் காத்திருக்கின்றன.

கடைசிப் பகுதி, இந்தப் படத்தால் என்னென்ன சொல்ல முடியாது என்பது. இதைச் சேர்க்கச் சொன்னதும் சித்தி பெண்தான். படம் காட்டுவது நீர்ப்பரப்பு, ஆழம் அல்ல. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மேலே இருந்து பார்த்தால் அகலம் கிட்டத்தட்ட அதேபோலத் தெரிந்துகொண்டிருக்கும்போதே மட்டம் சில அடி இறங்கியிருக்கலாம். ஆகாயத்தாமரை மூடிய தண்ணீரைக் கணக்கு செடி என்றே சொல்லும். கரையோரம் ஒரு பிக்சலில் பாதி தண்ணீர், பாதி மண் என்று இருந்தால் அந்த இரண்டரை சென்ட் எந்தப் பக்கம் விழும் என்பது நாம் வைக்கும் எல்லையைப் பொறுத்தது. படத்தை வைத்து ஏரியில் இவ்வளவு டிஎம்சி இருக்கிறது என்று யாராவது சொன்னால், மட்டத்தை எங்கே அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்து லேண்ட்சாட் பகுதியை எழுத வேண்டும். பிக்சல் 30 மீட்டர், அதாவது 22 சென்ட், சின்னக் குளங்கள் தெரியாது. ஆனால் 1984-இல் ஏவிய லேண்ட்சாட்-5-இலிருந்தே படங்கள் இருப்பதால் நம் அப்பா அம்மா காலத்து ஏரியைப் பார்க்கலாம். நம் நாட்டின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள் படங்கள் இஸ்ரோவின் பூநிதி தளத்தில் கிடைக்கின்றன, அதற்கும் தனியாக ஒரு பகுதி போட ஆசை. இரண்டுக்கும் எனக்கு எடுத்துக்காட்டு ஏரிகள் வேண்டும். சென்னையைச் சுற்றி மட்டும் வைத்தால் மதுரைக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் செம்பரம்பாக்கமும் ஏதோ ஒரு நீலத் திட்டுதான். உங்கள் ஊர் ஏரியோ கண்மாயோ குளமோ, நீங்கள் கரையில் நின்று பார்த்ததாக இருக்க வேண்டும், அதன் பெயரையும், அது எந்த வருஷம் நிரம்பியது, எந்த வருஷம் காய்ந்தது என்று உங்களுக்கு நினைவிருப்பதையும், நான்கு எண்களையும் எழுதி அனுப்புங்கள். தீர்க்கம் முதலில்.